நுஸ்ரத்: 26 கண்ணிகளும் 27 ஆண்டுச் சரக்கும்

நுஸ்ரத் என்பது கடலில் கண்ணிவெடி பதிக்கும் ஒரு சிறு கப்பல். அதன் நீளம் 40 மீட்டர். அகலம் ஏழரை மீட்டர். எடை 360 டன் அளவு. ஜெர்மனியின் கீல் நகரில் இருந்த கெர்மானியா கப்பல் கட்டும் தளத்தில் 1911 டிசம்பரில் அது நீரில் இறக்கப்பட்டது. அப்போது அதே தளத்தில் பிரின்ஸ்ரெகெண்ட் லூயிட்போல்ட் என்ற பெரும் போர்க்கப்பல் எழுந்துகொண்டிருந்தது. அதன் எடை 24,000 டன்னுக்கும் மேல். இரண்டும் சில மாத இடைவெளிக்குள் தண்ணீரைத் தொட்டன. பெரிய கப்பலை 1919 ஜூனில் ஸ்காட்லாந்தின் ஸ்காப்பா ஃப்ளோவில் அதன் சொந்த மாலுமிகளே மூழ்கடித்தார்கள். பிறகு அது மேலே எடுக்கப்பட்டு இரும்புக்காக உடைக்கப்பட்டது. உஸ்மானியக் கடற்படைக்காகக் கட்டப்பட்ட சிறிய கப்பல் இன்றும் இருக்கிறது. துருக்கியின் தெற்கே, தார்சுஸ் நகரில், ஒரு பூங்காவில் தரைமேல் நிற்கிறது.

கடற்படைப் பதிவேடுகளைப் படிக்கும்போது நான் முதலில் பார்ப்பது கடைசிக் கட்டத்தைத்தான். கட்டிய ஆண்டு, நீளம், பீரங்கிகள், போரில் செய்தது என்று வரிசையாக வந்து, கடைசியில் அந்தக் கப்பல் என்ன ஆனது என்று ஒரு வரி இருக்கும். பெரிய கப்பல்களுக்கு அந்த வரி பெரும்பாலும் ஒன்றுபோலவே முடியும்: மூழ்கியது, அல்லது உடைக்கப்பட்டது. பட்டியலின் பின்பக்கங்களில் ஒதுக்கப்பட்டிருக்கும் சிறு கப்பல்களுக்கு அப்படி இல்லை. விற்கப்பட்டது, பெயர் மாறியது, மீண்டும் பெயர் மாறியது, மிதவை பராமரித்தது, கேபிள் பதித்தது, சரக்கு ஏற்றியது என்று அந்த வரி நீண்டுகொண்டே போகும். அவற்றுள் கண்ணிவெடி பதிக்கும் சிறு கப்பல்கள்மீது எனக்குத் தனி ஈடுபாடு உண்டு. அந்த ஈடுபாட்டின் மையம் நுஸ்ரத்.

கண்ணி பதிக்கும் கப்பலுக்கு வேண்டியவை மிகக் குறைவு. பாரம் தாங்கும் திறந்த மேல்தளம், அதில் பின்பக்கம் வரை ஓடும் இரண்டு தண்டவாளங்கள், கண்ணிகளைத் தூக்கி ஏற்ற ஒரு பாரந்தூக்கி, ஆழமில்லாத நீரிலும் துணிந்து நுழையும் அளவுக்கு நீருக்குள் அதிகம் அமிழாத அடிப்பகுதி, இருட்டில் தடம் பிசகாமல் நேர்கோட்டில் போகத் தெரிந்த மாலுமிகள். தடித்த கவசம் தேவையில்லை. பெரிய பீரங்கியும் தேவையில்லை. நுஸ்ரத்தில் இருந்தவை இரண்டு சிறிய 47 மில்லிமீட்டர் பீரங்கிகள் மட்டுமே. கண்ணிகளோ 40 வரை ஏற்றலாம். ஒரு கடலோரச் சரக்குக் கப்பலுக்கு என்ன வேண்டுமோ, ஏறக்குறைய அதுவே இதற்கும் வேண்டும். பின்னால் வரப்போகும் கதைக்கு இந்த ஒற்றுமைதான் திறவுகோல்.

அந்தக் காலத்துக் கடற்கண்ணி எப்படி வேலை செய்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதில் இருக்கும் அறிவுக்கூர்மை என்னை இன்றும் வியக்க வைக்கிறது. கண்ணி என்பது வெடிமருந்து நிறைந்த, மிதக்கக்கூடிய இரும்புக் கோளம். அது ஒரு கனமான நங்கூரப் பெட்டிமேல் உட்கார்ந்திருக்கும். பெட்டிக்குச் சக்கரங்கள் உண்டு. தண்டவாளத்தில் தள்ளிக்கொண்டுபோய்ப் பின்பக்கம் வழியாகக் கடலில் விடுவார்கள். பெட்டிக்குள் ஓர் உருளையில் இரும்புக் கயிறு சுற்றியிருக்கும். கோளம் மேலே மிதக்க, பெட்டி கயிற்றை அவிழ்த்துக்கொண்டே கீழே இறங்கும்.

அடி எவ்வளவு ஆழம் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் கோளமோ மேல்மட்டத்துக்குக் கீழே சரியாகச் சில மீட்டரில் நிற்க வேண்டும். இதற்காக, பரவலாக இருந்த முறையில், பெட்டியின் அடியில் ஒரு சிறு கயிற்றில் ஈயக்குண்டு ஒன்று தொங்கும். கண்ணி எத்தனை மீட்டர் ஆழத்தில் நிற்க வேண்டுமோ, அந்தச் சிறு கயிறும் அத்தனை மீட்டர். பெட்டிக்கு முன்பே குண்டு அடியைத் தொட்டுவிடும். கிணற்றில் விட்ட வாளி நீரைத் தொட்டதும் கயிறு தளர்வதைக் கை உணர்ந்துகொள்வதுபோல, அந்தத் தளர்ச்சியை உருளையின் பூட்டு உணர்ந்து இறுகிக்கொள்ளும். அதற்குமேல் கயிறு அவிழாது. பெட்டி மீதி மூன்று நான்கு மீட்டர் இறங்கி அடியில் அமரும்போது, கோளத்தையும் அதே அளவுக்கு நீருக்குள் இழுத்துக்கொள்ளும். கடலின் ஆழத்தை அளக்காமலேயே எல்லாக் கண்ணிகளும் ஒரே மட்டத்தில் நிற்கும்.

கோளத்தின்மேல் மென்மையான ஈயத்தால் ஆன கொம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றின் உள்ளேயும் அமிலம் நிறைந்த கண்ணாடிக் குழாய். கப்பல் உரசினால் ஈயம் வளையும், கண்ணாடி உடையும், அமிலம் கீழே இருக்கும் தகடுகளில் பட்டு அங்கேயே ஒரு மின்கலம் உருவாகி மின்சாரம் பிறக்கும். அதுவரை கண்ணிக்குள் மின்சாரமே இல்லை. அதனால்தான் மாதக்கணக்கில் கடலுக்குள் கிடந்தாலும் அது தன் வேலையை மறப்பதில்லை.

இனி 1915-க்கு வருவோம். டார்டனெல்ஸ் நீரிணை ஏஜியன் கடலையும் மர்மரா கடலையும் இணைக்கிறது. மர்மராவுக்கு அப்பால் இஸ்தான்புல். நீரிணையின் மிகக் குறுகிய இடம் சானக்கலே நகருக்கு எதிரே இருக்கிறது. அகலம் ஒன்றேகால் கிலோமீட்டர் அளவுதான். மர்மராவிலிருந்து ஏஜியனை நோக்கி நீரோட்டம் இடைவிடாமல் ஓடும். பிரிட்டிஷ், பிரெஞ்சுக் கப்பல்கள் இந்த வழியை உடைத்துக்கொண்டு இஸ்தான்புல் வரை போகத் திட்டமிட்டன. வழியை அடைக்க உஸ்மானியர்கள் நீரிணைக்குக் குறுக்கே பத்து வரிசைகளில் கண்ணிகளைப் பதித்திருந்தார்கள். இரு கரைகளிலும் கோட்டைகள், இடம் மாற்றக்கூடிய ஹோவிட்சர் பீரங்கிகள், இரவுக்குத் தேடுவிளக்குகள்.

கண்ணிகளை வாரி அகற்றுவதற்குப் பிரிட்டிஷ் கடற்படை அனுப்பியவை வடகடலில் மீன்பிடித்த இழுவலைப் படகுகள். படகோட்டிகளும் மீனவர்களே. வாரும் கயிற்றை இழுத்துக்கொண்டு எதிர்நீரோட்டத்தில் அந்தப் படகுகள் ஊர்ந்தன. மேலே தேடுவிளக்கு, கரையிலிருந்து குண்டுமழை. மார்ச் 13 இரவில் அவற்றுக்குத் துணையாக வந்த அமெதிஸ்ட் என்ற போர்க்கப்பலே கடுமையாக அடிபட்டது. கண்ணிகள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருந்தன. அந்த மீனவர்களைக் கோழைகள் என்று பிற்காலத்தில் சிலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. மீன் பிடிக்கப் பழகியவர்களை, மீன்பிடிப் படகிலேயே பீரங்கிகளுக்கு முன்னால் ஊரச் சொன்னவர்கள்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி இறுதியிலும் மார்ச் தொடக்கத்திலும் நடந்த குண்டுவீச்சுகளின்போது கரையிலிருந்து பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். கூட்டணிக் கப்பல்கள் சுட்டு முடித்துப் பின்வாங்கும்போது வலப்பக்கமாகத் திரும்பி, ஆசியக் கரையோரம் இருக்கும் எரென்கோய் விரிகுடாவில் வளைந்து வெளியேறின. ஒரு நாள் அல்ல, திரும்பத் திரும்ப அதே இடம், அதே வளைவு. பத்து வரிசைகளும் இருந்தது இன்னும் உள்ளே. இந்த விரிகுடாவில் கண்ணி இல்லை. அங்கே, நீரிணைக்குக் குறுக்காக இல்லாமல் கரைக்கு இணையாக ஒரு வரிசை வைத்தால்?

இந்த எண்ணம் போர் வரலாற்றில் புதிதல்ல. ரஷ்ய-ஜப்பானியப் போரின்போது, 1904 மே மாதம், ரஷ்யர்கள் வசமிருந்த போர்ட் ஆர்தர் துறைமுகத்துக்கு வெளியே ஜப்பானியப் போர்க்கப்பல்கள் தினமும் ஒரே தடத்தில் ரோந்து வருவதை ரஷ்யர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அமூர் என்ற கண்ணி பதிக்கும் கப்பல் அந்தத் தடத்திலேயே தன் சரக்கை இறக்கியது. மறுநாள், மே 15 அன்று, ஹட்சுசே, யாஷிமா என்ற இரண்டு போர்க்கப்பல்களை ஜப்பான் இழந்தது. கண்ணியின் வலிமை வெடிமருந்தில் பாதிதான். எதிரியின் பழக்கத்தைப் படிப்பதில் மீதிப் பாதி இருக்கிறது. பெரிய கப்பல்களை நடத்துபவர்கள் ஒருமுறை தப்பிய வழியைப் பாதுகாப்பான வழி என்று நம்பிவிடுகிறார்கள். பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த நம்பிக்கை மாறவில்லை.

சானக்கலே அரண்பகுதியின் தளபதி ஜெவாத் பாஷா உத்தரவிட்டார். மார்ச் 7-க்கும் 8-க்கும் இடைப்பட்ட இரவில் நுஸ்ரத் 26 கண்ணிகளுடன் கிளம்பியது. கப்பலின் கேப்டன் தோப்ஹானேலி ஹக்கி பே. கண்ணிப் பணிக்குப் பொறுப்பு மேஜர் ஹாஃபிஸ் நஸ்மி பே. அந்தப் பகுதியில் இரவில் பிரிட்டிஷ் நாசகாரிக் கப்பல்கள் ரோந்து வருவதுண்டு. விளக்குகளை அணைத்துவிட்டு, தாங்களே முன்பு பதித்த கண்ணி வரிசைகளின் இடைவெளிகளைத் தாண்டி, விரிகுடாவுக்குள் நுழைந்து, கரைக்கு இணையாக ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, விடிந்த கையோடு திரும்பிவிட்டார்கள். ஒரு குண்டும் சுடப்படவில்லை. பார்த்தவரும் யாருமில்லை. பதினோராவது வரிசை தயாராகிவிட்டது.

அடுத்த பத்து நாட்களும் அது அப்படியே கிடந்தது. அந்த நீர்ப்பரப்பு ஆபத்தில்லாதது என்ற எண்ணத்துடனேயே மார்ச் 18 காலையில் கூட்டணிக் கடற்படை உள்ளே நுழைந்தது. உடல்நலம் குன்றிய முந்தைய தளபதி கார்டனுக்குப் பதிலாகச் சில நாட்களுக்கு முன்புதான் தலைமை ஏற்றிருந்த அட்மிரல் தெ ரோபெக் நடத்தினார். கோட்டைகளும் கப்பல்களும் மணிக்கணக்கில் சுட்டுக்கொண்டன. பிற்பகல் இரண்டு மணி நெருங்கும் வேளையில், முன்வரிசையில் இருந்த பிரெஞ்சுக் கப்பல்கள் பின்வாங்க உத்தரவு வந்தது. அவை வழக்கம்போல வலப்பக்கம் வளைந்தன.

புவே என்ற 12,000 டன் போர்க்கப்பல் வெடித்து, சாய்ந்து, இரண்டு நிமிடத்துக்குள் கவிழ்ந்து மறைந்தது. கேப்டன் ரஜோ த லா தூஷ் உட்பட 600-க்கும் மேற்பட்டவர்கள் அதனுடன் போனார்கள். தப்பியவர்கள் நூறு பேரைத் தொடவில்லை. கீழ்த்தளங்களில் கொதிகலன்களுக்கு நிலக்கரி அள்ளிப்போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு ஏணியை எட்டக்கூட நேரம் இருந்திருக்காது. துருக்கியில் இந்த நாள் வெற்றித் திருநாள். அந்த மக்களுக்கு அதற்கான நியாயம் இருக்கிறது; தங்கள் தலைநகரின் வாசலை அவர்கள் காத்தார்கள். ஆனாலும் நுஸ்ரத்தைப் பற்றி எழுதும் எவரும் புவேயின் அந்த இரண்டு நிமிடங்களைத் தாண்டிக் குதித்துப் போகக்கூடாது என்று நினைக்கிறேன்.

பிற்பகல் நான்கு மணி அளவில் இன்ஃப்ளெக்ஸிபிள் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் கண்ணியில் மோதியது; பலரைப் பலிகொடுத்து, தள்ளாடி, தெனெடோஸ் தீவு வரை போய்ச் சேர்ந்தது. அடுத்து இர்ரெசிஸ்டிபிள். அதை மீட்க வந்த ஓஷன் மாலையில் அதே வரிசையில் சிக்கியது. இரண்டும் மூழ்கின. அவற்றின் ஆட்களில் பெரும்பாலோரை நாசகாரிக் கப்பல்கள் காப்பாற்றிவிட்டன. ஒரே நாளில் ஏறத்தாழ 40,000 டன் போர்க்கப்பல் கடலடிக்குப் போயிற்று. எதனால் என்று அன்று மாலை கூட்டணித் தளபதிகளுக்குத் தெளிவாகத் தெரியவில்லை. நீரோட்டத்தில் மிதக்கவிடப்பட்ட கண்ணிகளாக இருக்கும் என்று தெ ரோபெக் கருதினார். பத்து நாள் முன்பு ஒரு சின்னக் கப்பல் வந்துபோனது அவர்கள் கணக்கிலேயே இல்லை.

கண்ணிப் போரின் இயல்பு இதுதான்: செய்தவர் அங்கே இருக்க மாட்டார். நம் பக்கத்துக் கடலும் இதை அறியும். 1917 பிப்ரவரியில் வோல்ஃப் என்ற ஜெர்மன் கப்பல் கொழும்புக்கு வெளியே கண்ணிகளை இறக்கிவிட்டுப் போனது. வோர்செஸ்டர்ஷைர், பெர்சியுஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் கப்பல்கள் சில நாள் இடைவெளியில் அங்கே மூழ்கியபோது வோல்ஃப் எங்கோ போயிருந்தது. அது சிறிய கப்பல் அல்ல. ஆனால் அதுவும் பிறப்பால் சரக்குக் கப்பல்தான். போருக்குப் பிறகு பிரான்சிடம் ஒப்படைக்கப்பட்டு, ஆந்தினூஸ் என்ற பெயரில் மறுபடியும் சரக்கு ஏற்றியது.

நுஸ்ரத் முதல் உலகப்போரின் போக்கையே மாற்றிவிட்டது என்று எழுதுபவர்கள் நிறையப் பேர். எனக்கு இந்தப் பேச்சு ஒப்பவில்லை. உள்ளே இருந்த பத்து வரிசைகள் வாரப்படாமல் இருந்ததால்தான் கப்பல்கள் வெளியே நின்று சுட வேண்டியிருந்தது. அவற்றை வாரவிடாமல் தடுத்தவை ஹோவிட்சர்களும் தேடுவிளக்குகளும். அந்த முழு ஏற்பாடு என்ற சங்கிலியின் கடைசி வளையத்தைத்தான் நுஸ்ரத் பூட்டியது. மேலும், அந்த 26 கண்ணிகள் போரை நிறுத்தவில்லை. கடல்வழி மூடியதும் கூட்டணியினர் தரைவழியை எடுத்தார்கள். ஏப்ரல் 25-ல் கல்லிப்போலியில் படைகள் இறங்கின. 1916 ஜனவரியில் அவர்கள் கிளம்பிப் போகும்வரை இரு தரப்பிலும் மனிதர்கள் குவியல் குவியலாக மாண்டார்கள். இதையெல்லாம் சொன்ன பிறகும் நுஸ்ரத்தின் மீதான என் மதிப்பு குறைவதில்லை. ஒரு சிறு கப்பலும் அதன் ஆட்களும் தங்களுக்குக் கொடுத்த வேலையை அச்சுப் பிசகாமல் செய்தார்கள்.

1918 அக்டோபரில் போர் நிறுத்தம் வந்தது. நுஸ்ரத் இஸ்தான்புல்லில் கட்டிப்போடப்பட்டது. குடியரசு அமைந்த பிறகு, இருபதுகளின் பிற்பகுதியில், கோல்ஜுக் கப்பல் தளத்தில் பழுதுபார்க்கப்பட்டுச் சேவைக்குத் திரும்பியது. 1937-ல் அதற்கு யார்தம் என்று புதுப்பெயர் வைத்து, முக்குளிப்பவர்களுக்கான துணைக் கப்பலாக ஆக்கினார்கள். பிறகு பழைய பெயரே திரும்ப வந்தது. 1955 வரை ஏதோ ஒரு துணைப்பணியில் கடற்படையிலேயே இருந்தது. கட்டிய நாளிலிருந்து எண்ணினால் நாற்பது ஆண்டுகளைத் தாண்டிய உழைப்பு.

இந்த இடத்தில் அதே கடற்படையின் மற்ற இரண்டு புகழ்பெற்ற கப்பல்களைப் பார்க்க வேண்டும். முவாவெனெத்-இ மில்லியே என்ற நாசகாரிக் கப்பல் 1915 மே 13-ன் அதிகாலை இருட்டில் கோலியாத் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலை டார்பிடோவால் மூழ்கடித்தது. 1953-ல் அதை உடைத்துவிட்டார்கள். யாவுஸ், அதாவது பழைய ஜெர்மன் கோபென், 23,000 டன். துருக்கியக் கடற்படையின் தலைமைக் கப்பலாகப் பல்லாண்டு இருந்தது. 1938 நவம்பரில் துருக்கிக் குடியரசின் நிறுவனர் அத்தாதுர்க்கின் உடலை இஸ்தான்புல்லிலிருந்து இஸ்மித் வரை சுமந்து சென்றதும் அதுதான். 1963-ல் துருக்கி அதை மேற்கு ஜெர்மனிக்குத் தர முன்வந்தது. ஜெர்மனி வேண்டாம் என்றது. 1973-ல் உடைக்கத் தொடங்கி 1976-ல் முடித்தார்கள். அத்தனை பெருமை இருந்தும் அதைக் காப்பாற்ற முடியவில்லை. அவ்வளவு பெரிய போர்க்கப்பலைப் போரைத் தவிர வேறெதற்கும் பயன்படுத்த முடியாது. பயன் இல்லாத 23,000 டன் இரும்பைத் துறைமுகத்தில் வைத்துப் பராமரிக்க எந்த அரசின் பணப்பையும் விரைவில் சலித்துவிடும்.

நுஸ்ரத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. 1962-ல் தனியார் வாங்கினார்கள். சரக்குக் கப்பலாக மாற்றினார்கள். கப்தான் நுஸ்ரத் என்று பெயர் எழுதினார்கள். அடுத்த 27 ஆண்டுகள் அது துறைமுகத்துக்குத் துறைமுகம் சரக்கு சுமந்தது.

இந்தப் பகுதியைத் துருக்கியர்கள் சொல்லும்போது குரலில் ஒரு வெட்கம் இருப்பதைக் கவனித்திருக்கிறேன். வரலாற்றை மாற்றிய கப்பலைச் சரக்கேற்ற விட்டுவிட்டோமே என்ற வருத்தம். அந்த மரியாதை உணர்வு எனக்குப் புரிகிறது; முடிவு புரியவில்லை. 1962-ல் அதை வாங்க ஒருவர் வராமல் போயிருந்தால் என்ன நடந்திருக்கும்? முவாவெனெத்துக்கு நடந்ததுதான் நடந்திருக்கும். ஒரு பழைய கப்பலின் அடித்தகடுகளை ஆண்டுதோறும் சுரண்டி வண்ணம் பூச யாருக்காவது காரணம் இருக்க வேண்டும். நினைவுச்சின்னம் என்ற எண்ணம் அந்த ஆண்டுகளில் அந்தக் காரணத்தைத் தரவில்லை. சரக்குக் கட்டணம் தந்தது. பெயர் தெரியாத கப்பல் முதலாளிகளும், மாலுமிகளும், பட்டறைத் தொழிலாளர்களும் தங்கள் வயிற்றுப்பாட்டுக்காக அதை மிதக்க வைத்தார்கள். ஹக்கி பேயின் பெயரைச் சொல்லும் மூச்சிலேயே அவர்களையும் சொல்ல வேண்டும்.

இது நுஸ்ரத்துக்கு மட்டும் நேர்ந்தது அல்ல. அமெரிக்காவில் இதே இனத்தைச் சேர்ந்த கப்பல்களின் பின்வாழ்க்கை இன்னும் ஒழுங்காகப் பதிவாகியிருக்கிறது. அங்கே துறைமுகக் கண்ணிகள் கடற்படையின் பொறுப்பு அல்ல, தரைப்படையின் கடலோரப் பீரங்கிப் பிரிவுடைய பொறுப்பு. அவர்களுடைய கண்ணிகள் மின்கம்பிகளால் கரையோடு இணைக்கப்பட்டவை. கரையில் இருப்பவர் விசையை இயக்கினால் வெடிக்கும், இயக்காவிட்டால் நட்புக் கப்பல்கள் தாராளமாக மேலே போய்வரலாம். அதனால் அந்தக் கப்பல்களுக்குக் கண்ணியைத் தூக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, கடலடியில் கேபிள் பதிக்கவும், பழுதான கேபிளைத் தேடி மேலே எடுக்கவும் தெரிய வேண்டும். தரைப்படை வீரர்களைக் கொண்டு கப்பல் ஓட்டுவது எளிதல்ல என்பதால் 1918 ஜூலை 9-ல் கண்ணிப் பணிக்கென்று தனிச் சேவை ஒன்றை அமைத்தார்கள். அமெரிக்கத் தரைப்படையில் இன்றும் இருக்கும் வாரண்ட் அதிகாரி என்ற பதவி இந்தச் சிறு கப்பல்களின் மேல்தளத்தில் பிறந்ததுதான்.

இரண்டாம் உலகப்போரின்போது, 1942-லும் 1943-லும், இத்தகைய 16 கப்பல்களை மேற்கு வர்ஜீனியாவின் பாயின்ட் பிளசன்ட் என்ற ஊரில் கட்டினார்கள். கடலே இல்லாத ஊர், ஒஹையோ நதிக்கரை. ஒவ்வொன்றும் 57 மீட்டர் நீளம். போர் முடிவதற்குள் துறைமுகக் கண்ணிகளின் தேவை குறைந்துவிட்டது. பல கப்பல்கள் கடற்படைக்குக் கைமாறின. பிறகு ஐந்து கப்பல்களைக் கடலோரக் காவல்படை எடுத்துக்கொண்டு, மிதவைகளையும் கலங்கரை விளக்கங்களையும் பராமரிக்கும் வேலைக்கு அனுப்பியது. அந்தப் பணிக் கப்பல்களுக்கு மரம், செடி, பூக்களின் பெயர் வைப்பது அங்கே பழைய வழக்கம். பேரிகேட், பார்பிகன், பாஸ்டியன், அப்ஸ்ட்ரக்டர், பிக்கெட் என்று தடுப்பரண்களின் பெயர் தாங்கியிருந்தவை மக்னோலியா, ஐவி, ஜான்குவில், ஹெதர், வில்லோ ஆயின. கப்பல்கள் போகும் வழியில் அபாயத்தை வைக்கப் பிறந்தவை, அபாயம் எங்கே என்று காட்டும் மிதவைகளை வைக்கப் போயின. பாரந்தூக்கி அதே பாரந்தூக்கி. கயிறு பிடித்த பயிற்சியும் அதே பயிற்சி. டிராப்பர் என்ற ஆறாவது கப்பல் யாமக்ரா என்ற பெயரில் கேபிள் கப்பலாகி, 1959-ல் மறுபடியும் கடற்படைக்கே திரும்பி அங்கும் கேபிள் வேலை பார்த்தது. கண்ணிக்கான கேபிளைக் கையாளக் கட்டிய கப்பலுக்கு இதைவிடப் பொருத்தமான மறுவாழ்வு கிடையாது.

பிரிட்டனில் டார்ட்மவுத்தின் பிலிப் அண்ட் சன் நிறுவனம் கட்டிய மைனர் வகைச் சிறு கப்பல்கள் எட்டும் ஏறக்குறைய இதே வழியில் துறைமுக வேலைகளுக்குப் போயின. அவற்றின் கதை தனியாக எழுத வேண்டியது.

கப்தான் நுஸ்ரத்தின் ஓட்டம் 1989 ஏப்ரலில் முடிந்தது. மெர்சின் துறைமுகத்தின் அருகே அது மூழ்கியது. பத்து ஆண்டுகள் நீருக்குள்ளேயே கிடந்தது. ஆண்டுதோறும் மார்ச் 18 வந்தது, நாடெங்கும் விழா எடுத்தார்கள், பள்ளிப் பிள்ளைகள் நுஸ்ரத்தின் கதையை ஒப்பித்தார்கள். உண்மையான நுஸ்ரத் மெர்சினில் துருப்பிடித்துக்கொண்டிருந்தது. 1999-ல் தன்னார்வலர்கள் சிலர் ஒன்றுசேர்ந்து அதை மேலே எடுத்தார்கள். பிறகு தார்சுஸ் நகராட்சி பொறுப்பேற்று, கடலிலிருந்து தள்ளி உள்ளே இருக்கும் தன் ஊருக்குக் கொண்டுபோய், 2003-ல் சானக்கலே பூங்காவில் நிறுத்தியது. விவிலியம் வாசித்தவர்களுக்குத் தர்சு என்று தெரிந்த, பவுலின் ஊர் இது. கடற்படைக்கோ டார்டனெல்ஸுக்கோ அந்த ஊருக்கு நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனாலும் நாட்டின் பெரிய அருங்காட்சியகங்கள் செய்யாததை ஒரு நகராட்சி செய்தது. இதை எத்தனை முறை பாராட்டினாலும் தகும்.

மறுசீரமைப்பில் மட்டும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கப்பலை 1915 தோற்றத்துக்கு இழுத்துக்கொண்டுபோக வேண்டும் என்ற நோக்கத்துடன் வேலை நடந்திருக்கிறது. புகைக்கூண்டு, மேல்கட்டுமானம் எல்லாம் அந்தக் காலத்து வடிவில். ஆனால் 1915-ன் நுஸ்ரத் எப்படி இருந்தது என்று காட்டச் சானக்கலேயிலேயே பிரதிகள் இருக்கின்றன. சிமென்லிக் கோட்டை வளாகத்தில் பழைய பிரதி ஒன்று. 2011-ல் கோல்ஜுக்கில் கட்டப்பட்டு நீரிலேயே நிற்கும் புதிய பிரதி இன்னொன்று. அவை தங்கள் வேலையை நன்றாகச் செய்கின்றன. மார்ச் 18-ன் நினைவுக்காக 318 மீட்டர் உயரக் கோபுரங்களுடன் ஒரு பாலமே நீரிணைமேல் 2022-ல் எழுந்துவிட்டது. ஆக அந்த ஒரு நாளின் நினைவுக்குக் குறைவில்லை. தார்சுஸில் இருப்பது அசல் இரும்பு. அதில் சரக்கறைக்காக வெட்டிய இடம், மாற்றிய தகடு, எஞ்சினுக்காகப் போட்ட தாங்கு, இவையெல்லாம் அந்தக் கப்பலின் சொந்த வரலாறு. ஒரு பாதியையாவது சரக்குக் கப்பலாகவே விட்டிருக்கலாம் என்று நான் இன்றும் வாதிடுவேன். நுஸ்ரத்தாக இருந்த ஆண்டுகளைச் சொல்லும் அறிவிப்புப் பலகைக்குப் பக்கத்தில், கப்தான் நுஸ்ரத்தாக இருந்த ஆண்டுகளுக்கும் அதே அளவில் ஒரு பலகை வேண்டும்.

துருக்கிக்குப் போகும் தமிழர்கள் பெரும்பாலும் இஸ்தான்புல், கப்பதோக்கியா, சிலர் சானக்கலே என்று திரும்பிவிடுகிறார்கள். தெற்கே அதானா வரை போகிறவர்கள் அங்கிருந்து மெர்சின் பக்கம் போனால் நடுவில் தார்சுஸ் வரும். பூங்காவுக்குப் போனதும் பீரங்கிகளையும் கொடிக்கம்பத்தையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் கீழே நின்று, தண்ணீரில் இருந்தால் கண்ணுக்கே தெரியாத அடித்தகடுகளைப் பாருங்கள். எரென்கோய் விரிகுடாவின் நீரும் மெர்சின் துறைமுகத்தின் நீரும் பட்டது அங்கேதான்.